அரங்கேற்றத்துக்கு ஆறு வாரங்கள்: நாடகக் குழுவினரின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, புதிய நாடகம் ஒன்றை மேடையேற்றத் தயாராகிக்கொண்டிருக்கும் சிறு குழுக்களிடமிருந்து வந்தவை. சிலர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருடைய பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். அனைவரும் பகலில் வேலைக்குச் செல்பவர்கள். வாரத்துக்கு நான்கு மாலைகள், மாலைக்கு இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கிறது. ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு ஆறு வாரங்கள் போதுமா?

பதில்: இருபத்து நான்கு மாலைகள், மொத்தம் 60 மணி நேரம். இது குறைவான நேரமல்ல. ரஷ்ய நாடகாசிரியர் செகாவின் ‘கடற்பறவை’ நாடகம் 1896-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது, தேர்ந்த நடிகர்கள் இருந்தும் ஒத்திகைக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஒன்பது நாட்களே. முதல் இரவு பெருந்தோல்வியில் முடிந்தது. இரண்டாண்டுகள் கழித்து, ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தான்சென்கோவும் தொடங்கிய மாஸ்கோ கலை அரங்கம், மாணவ நடிகர்களும் பயில்முறை நடிகர்களும் கலந்த இளங்குழுவைக் கொண்டு அதே நாடகத்தைச் சுமார் 80 மணி நேரம் ஒத்திகை பார்த்து வெற்றிகரமாக அரங்கேற்றியது. பகலில் வேலை, மாலையில் நாடகம் என்பதையும் குறையாக நினைக்க வேண்டாம். 1891-ல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், பின்னாளில் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றிக்கொண்டே நாடகம் எழுதியும் நடித்தும் வந்தவர்.

திட்டத்தை அரங்கேற்ற நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஆறாம் வாரம் முழுவதும் உடை, ஒப்பனை, ஒளி, ஒலி ஆகியவற்றுக்கு உரியது. அந்த வாரத்தில் நடிப்பைத் திருத்தலாம் என்ற எண்ணமே வேண்டாம். ஐந்தாம் வாரத்தில் ஒவ்வொரு மாலையும் நாடகம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிற்காமல் ஓட வேண்டும். அப்படியானால் நான்காம் வாரம் தொடங்கும்போது எவர் கையிலும் பிரதி இருக்கக் கூடாது. எஞ்சியிருப்பவை முதல் மூன்று வாரங்கள். அவற்றில் வாசிப்புக்கு இரண்டு மாலைகளுக்கு மேல் ஒதுக்காதீர்கள். பாத்திரத்தின் மனநிலையைப் பற்றி உட்கார்ந்து விவாதிப்பது இன்பமான வேலைதான். ஆனால் எழுந்து நடந்து பார்த்த பிறகு அந்த விவாதத்தில் பாதி தேவையற்றதாகிவிடுகிறது.

சிறு குழுக்கள் நேரத்தை இழப்பது பெரும்பாலும் இரண்டு வழிகளில். முதலாவது, எல்லோரையும் எல்லா மாலைகளிலும் வரவழைத்துவிட்டு, மூவர் நடிக்க எட்டுப் பேர் சுவரோரம் காத்திருப்பது. ஒரு தாளில் காட்சிகளை மேல்வரிசையிலும் பாத்திரங்களைப் பக்கவரிசையிலும் எழுதி, யார் எந்தக் காட்சியில் வருகிறார்கள் என்று கட்டமிட்டுப் பாருங்கள். ஒரே நபர்கள் வரும் காட்சிகளை ஒரே மாலையில் வைத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு அந்த மாலை வசனம் மனப்பாடம் செய்யக் கிடைக்கும். இரண்டாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஒவ்வொரு மாலையும் முதல் காட்சியிலிருந்தே தொடங்குவதால் முதல் காட்சி இருபது முறையும் கடைசிக் காட்சி நான்கு முறையும் ஒத்திகை பெறுகின்றன. பார்வையாளர் வீட்டுக்கு எடுத்துச் செல்வதோ அந்தக் கடைசிக் காட்சியை. எனவே இரண்டாம் வாரத்திலேயே இறுதிக் காட்சியைத் தொட்டுவிடுங்கள்.

கேள்வி: நாடகத்தை எழுதியவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவரே. ஒத்திகைக்கு நாள்தோறும் வந்து வசனங்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார். மாற்றங்கள் நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் நடிகர்கள் குழம்புகிறார்கள். எப்போது நிறுத்தச் சொல்வது?

பதில்: புதிய நாடகத்தின் சிறப்பே எழுதியவர் பக்கத்தில் இருப்பதுதான், அவரை வெளியே அனுப்பச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் எப்போது இருக்க வேண்டும் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். முதல் வாசிப்பிலும் முதல் வார ஒத்திகைகளிலும் அவர் கட்டாயம் இருக்கட்டும். நடிகரின் வாயில் சிக்கும் வாக்கியம், இரண்டு முறை சொல்லப்படும் ஒரே செய்தி, மேடையில் ஒருவர் உடை மாற்றிக்கொண்டு வர நேரம் போதாத இடம் ஆகியவையெல்லாம் அப்போதுதான் தெரியவரும். பிறகு சில நாட்கள் அவர் விலகியிருந்துவிட்டு, நாடகம் முழுமையாக ஓடும் முதல் நாளில் திரும்பி வந்து பார்ப்பது அவருக்கே நல்லது. நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நீளமான காட்சி நீளமாகத் தெரியாது.

பிரதியை முடக்கும் நாள் ஒன்று வேண்டும். உங்கள் திட்டம் ஆறு வாரமானால், மூன்றாம் வார இறுதிக்குப் பிறகு புதிய வசனம் எதுவும் சேர்க்கக் கூடாது. வெட்டுவதற்கு மட்டும் ஐந்தாம் வாரத்தின் முதல் நாள் வரை இடம் கொடுக்கலாம். சேர்ப்பதைவிட வெட்டுவது நடிகருக்கு எளிது என்று தோன்றும். உண்மையில் வெட்டப்பட்ட வசனம் அடுத்தவர் பேசத் தொடங்குவதற்கான குறிப்பாக இருந்ததா என்பதைப் பார்க்காமல் வெட்டினால் மேடையில் ஒருவர் தம் முறை வந்தது தெரியாமல் நின்றுகொண்டிருப்பார்.

குழப்பத்தின் பெரும்பகுதி மாற்றங்களால் வருவதல்ல, வெவ்வேறு பிரதிகள் கைகளில் இருப்பதால் வருவது. ஒவ்வொரு திருத்தத்திலும் தேதியிடுங்கள். பதினான்காம் பக்கத்துக்குப் பின் ஒரு பக்கம் சேர்ந்தால் அதற்கு 14அ என்று எண்ணிடுங்கள். முழுப் பிரதியையும் புதிதாக எண்ணிட்டால் நடிகர்கள் தங்கள் பிரதிகளில் எழுதி வைத்த குறிப்புகள் அனைத்தும் பயனற்றுப் போகும். மூலப் பிரதி ஒன்று மேடை நிர்வாகியிடம் மட்டும் இருக்கட்டும். ஐயம் வந்தால் அதில் உள்ளதே முடிவு.

இன்னொன்றும் உண்டு, அது சற்றுக் கசப்பானது. எழுதியவர் நடிகரிடம் நேரடியாகத் திருத்தம் சொல்லக் கூடாது. அவர் இயக்குநரிடம் சொல்லட்டும், இயக்குநர் நடிகரிடம் சொல்லட்டும். ஒரே வசனத்தை இருவர் இரண்டு விதமாகச் சொல்லச் சொன்னால் நடிகர் இரண்டையும் விட்டுவிட்டு, பாதுகாப்பான மூன்றாவது ஒன்றைச் செய்யத் தொடங்குவார். அது பெரும்பாலும் உயிரற்றதாக இருக்கும். எழுதியவர் நண்பராக இருந்தாலும், எத்தனை முறை மேடையேற்ற அனுமதி, அவருக்கு என்ன தொகை, வசூலாகாவிட்டால் என்ன என்பதை ஒரு பக்கத்திலாவது எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முக்கியப் பாத்திரத்தில் நடிப்பவருக்கு வசனம் நிற்பதில்லை. பக்கத்திரைக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி வசனம் எடுத்துக்கொடுக்கலாமா?

பதில்: ஒத்திகையில் கட்டாயம் நிறுத்துங்கள். அரங்கேற்றத்தன்று அவருக்கு வேலையே இருக்கக் கூடாது என்பதுதான் இலக்கு. வசனம் நிற்காததற்குக் காரணம் பல நேரங்களில் நினைவாற்றல் அல்ல, கற்ற முறை. தம் வசனங்களை மட்டும் அடிக்கோடிட்டு வரிசையாக மனப்பாடம் செய்பவருக்கு, மேடையில் எதிரில் இருப்பவர் என்ன சொன்னதும் தாம் பேச வேண்டும் என்பது தெரியாது. எதிராளி பேசும் வாக்கியத்தின் இறுதிச் சொற்களைப் படித்து, தம் வசனத்தைத் தாளால் மூடிக்கொண்டு சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அசைவுகள் முடிவான பிறகு, அந்த அசைவோடு சேர்த்தே சொல்லட்டும். நாற்காலியிலிருந்து எழும்போது சொல்ல வேண்டிய வாக்கியம், எழுந்தால்தான் நினைவுக்கு வரும்.

எடுத்துக்கொடுப்பவர் எல்லா ஒத்திகைகளுக்கும் வந்து, எந்த இடத்தில் நடிகர் வேண்டுமென்றே மௌனம் காக்கிறார் என்பதைத் தம் பிரதியில் குறித்து வைத்திருக்க வேண்டும். அரங்கின் உச்சமான மௌனத்தில் பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அடுத்த வரியைச் சொல்லிக்கொடுப்பதைவிட, நடிகர் உண்மையாகவே மறந்து நிற்பது மேல். மறந்து நிற்கும்போது காப்பாற்ற வேண்டியவர் மேடையிலேயே இருக்கும் சக நடிகர். ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலை, வேண்டுமென்றே சில வரிகளை விட்டுவிட்டுப் பேசும்படி ஒருவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் கதையை எப்படி மீட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று பாருங்கள். கேள்வியாகக் கேட்டு மீட்பது எளிது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

கேள்வி: அரங்கப் பொருட்களுக்குப் பணம் இல்லை. மூன்று நாற்காலிகளும் ஒரு மேசையும் வைத்து நடத்தினால் மலிவாகத் தெரியாதா?

பதில்: 1887-ல் பாரிசில் ‘சுதந்திர அரங்கம்’ தொடங்கிய ஆந்த்ரே அந்துவான், எரிவாயு நிறுவனம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தவர். முதல் நிகழ்ச்சிக்குத் தம் தாயாரின் வீட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துதான் மேடையில் வைத்தார். வாழ்க்கையை உள்ளபடியே மேடையில் காட்ட முயன்ற ஐரோப்பிய இயல்புவாத அரங்கின் வரலாறு அவரை விட்டுவிட்டு எழுதப்படுவதில்லை. நான்கு பொருட்களும் நாடகத்தில் பயன்படுகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒருவரும் உட்காராத நாற்காலி மேடையில் இருந்தால் அதுதான் மலிவு.

பணத்தைவிட, பொருள் எப்போது வருகிறது என்பது பெரிய விஷயம். மேடையில் வரப்போகும் குடையோ கடிதமோ கைப்பெட்டியோ இரண்டாம் வாரத்திலிருந்தே நடிகரின் கையில் இருக்கட்டும். உண்மையான பொருள் கிடைக்காவிட்டால் அதே எடையும் அளவும் உள்ள மாற்றுப் பொருள் போதும். அரங்கேற்றத்தன்று முதன்முதலாகக் கைக்கு வரும் பெட்டி திறக்காது. அது பெட்டியின் குற்றமல்ல. நடிகைக்கு நீண்ட உடையென்றால், பழைய துணி ஒன்றை அதே நீளத்தில் சுற்றிக்கொண்டு அவர் படி ஏறிப் பழகட்டும். மேடைக்காகத் தனிக் காலணி வாங்கப் போகிறீர்கள் என்றால் அதை முதலிலேயே வாங்குங்கள், ஏனென்றால் நடையை மாற்றுவதில் காலணிக்கு உடையைவிடப் பங்கு அதிகம்.

கேள்வி: அரங்கம் எங்களுக்கு நாடகத்துக்கு முந்தைய நாள் காலை எட்டு மணிக்குத்தான் கிடைக்கும். அந்த ஒரு நாளை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: அந்த ஒரு நாளைக் காப்பாற்றும் வேலை பல வாரங்களுக்கு முன்பே தொடங்குகிறது. இப்போதே அங்கு சென்று மேடையின் அகலம், ஆழம், பக்கவாட்டு இடைவெளி, மின் இணைப்புகள் இருக்கும் இடம், விளக்குகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஒத்திகை நடக்கும் அறையின் தரையில் அந்த அளவை ஒட்டுப்பட்டையால் வரைந்துவிடுங்கள். அறை சிறியதென்றால், எங்கே மேடை முடிகிறது என்பதையாவது குறித்துக்கொள்ளுங்கள். பெரிய மேடைக்கு முதன்முறையாக வரும் நடிகர்கள் அனைவரும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறிய அறையில் பழகிய உடம்பு அப்படித்தான் நிற்கும்.

அன்று காலை முதல் இரண்டு மணி நேரம் பொருட்களை அமைக்க. அடுத்து, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை விளக்குகளைப் பொருத்தித் திசை திருப்ப. இந்த நேரத்தில் நடிகர்கள் தேவையில்லை. ஆனால் யாராவது ஒருவர் நடிகர் நிற்கும் இடங்களில் நின்று காட்ட வேண்டும். வெளிச்சம் தரையில் விழுவதைப் பார்த்துத் திருப்தி அடைபவர்கள் பலர். அது விழ வேண்டியது முகத்தில்.

உணவுக்குப் பின் இரண்டு மணிக்குத் தொடங்குவது நாடகம் அல்ல, மாற்றங்களின் ஒத்திகை. ஒளி மாறும், ஒலி எழும், திரை நகரும் ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் உள்ள இரண்டு வரிகளை நடிகர் பேச, மாற்றம் நிகழ, சரியாக வந்ததும் இடையில் உள்ள வசனங்களைத் தாண்டி அடுத்த மாற்றத்துக்குச் செல்ல வேண்டும். நாற்பது மாற்றங்கள் உள்ள நாடகத்துக்கு, ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தால், மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். நடிகர்களுக்கு இதைப் போல் சலிப்பூட்டும் பிற்பகல் வேறில்லை. உணர்ச்சியோடு நடிக்க முயல வேண்டாம், பொறுமையாக நின்றால் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாற்றங்களுக்கெல்லாம் வரிசை எண் இட்டிருக்க வேண்டும். மேடை நிர்வாகி ஒருவரே எண்ணைச் சொல்லி எச்சரித்து, உரிய நொடியில் கட்டளை தர வேண்டும். விளக்கு இயக்குபவர் நாடகத்தை ரசித்துக்கொண்டு தாமாகவே மாற்றினால் ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் வராது.

ஏழு மணிக்கு உடையும் ஒப்பனையும் முழுமையாக, நிற்காமல், அரங்கேற்றத்தன்று நடப்பது போலவே ஓட்டுங்கள். முடிந்ததும் கால் மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் குறை சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். இருளில் நகர வேண்டிய இடங்களில் ஒளிரும் பட்டைத் துண்டுகளை ஒட்டுவதை மறக்காதீர்கள். மறுநாள் பிற்பகலில், இருளில் நுழைவது, சண்டை, தூக்குவது, விழுவது போன்ற இடங்களை மட்டும் மெதுவாக ஒரு முறை செய்து பார்த்தால் போதும்.

கேள்வி: நாடகத்தில் ஒரு தீப்பந்தம் ஏற்றப்படுகிறது. மேலும், அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவு ஒன்றை எங்கள் கறுப்புத் துணி மறைக்கிறது. ஒரே ஒரு காட்சிதானே, இப்படியே நடத்தலாமா?

பதில்: கூடாது. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவாய் அரங்கில், பகல் காட்சியின்போது மேடை விளக்கு ஒன்றிலிருந்து தெறித்த பொறி திரைத்துணியில் பற்றியது. ‘தீப்பிடிக்காத கட்டடம்’ என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த, திறந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்த அரங்கம் அது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கிக்கொண்டது; வெளியேறும் வழிகள் சில பூட்டப்பட்டும் சில சீலைகளால் மறைக்கப்பட்டும் இருந்தன. 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கும் அது இன்னொரு சாதாரணக் காட்சிதான். கதவை மறைக்கும் துணியை இன்றே அகற்றுங்கள். பந்தத்துக்கு மின்கலத்தில் எரியும் விளக்கைப் பயன்படுத்துங்கள். நடிகர் அதைச் சூடான பொருளைப் போலப் பிடித்தால் பார்வையாளர் நம்பிவிடுவார்.

கேள்வி: அரங்கேற்றத்துக்கு முன் நண்பர்களை அழைத்துக் காட்டலாம் என்கிறார் இயக்குநர். புதுமை போய்விடும் என்கிறார்கள் நடிகர்கள். எது சரி?

பதில்: இயக்குநர் சொல்வது. முதல் இரவில் புதிதாக இருக்க வேண்டியது பார்வையாளர் மட்டுமே. பார்வையாளர் முன் நடிப்பதே அன்றுதான் முதன்முறை என்றால் நடிகர்கள் தடுமாறுகிறார்கள். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் மௌனமும், எதிர்பாராத இடத்தில் சிரிப்பும் வரும். சிரிப்பு முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தால் வேகம் செத்துவிடும், தொடக்கத்திலேயே பேசினால் வசனம் கேட்காது. அது உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போது பேச வேண்டும். இந்த அளவை வெற்று அறையில் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது.

ஆனால் யாரை அழைக்கிறீர்கள் என்பது முக்கியம். கதையை ஏற்கெனவே கேட்டவர்களும் நடிகர்களின் குடும்பத்தினரும் பயன்பட மாட்டார்கள். நாடகத்தோடு தொடர்பில்லாத பத்துப் பேர் போதும். பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியேர் தம் வீட்டு வயதான பணிப்பெண்ணுக்குத் தம் நகைச்சுவை நாடகங்களை வாசித்துக் காட்டி, அவர் சிரிக்காத இடங்களைத் திருத்தினார் என்று அவருடைய நண்பர் பொய்லோ எழுதியிருக்கிறார். ஐந்தாம் வார இறுதியில் அப்படியொரு மாலையை வையுங்கள். இயக்குநர் மேடையைப் பார்க்காமல் அவர்களுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ அமர்ந்து, எங்கே உடம்பை அசைக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள், எங்கே பக்கத்தில் இருப்பவரிடம் எதையோ கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் ‘நன்றாக இருந்ததா’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். ‘தம்பி ஏன் வீட்டை விட்டுப் போனான்’ என்பது போல, கதையிலிருந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். பத்தில் ஆறு பேருக்குப் பதில் தெரியவில்லையென்றால், அந்தச் செய்தியைச் சொல்லும் வசனம் எங்கோ கேட்காமல் போகிறது, அல்லது அதே நேரத்தில் மேடையின் வேறொரு மூலையில் கண்ணை இழுக்கும் எதையோ வைத்திருக்கிறீர்கள்.

கேள்வி: உடை ஒத்திகை மோசமாக நடந்தால் அரங்கேற்றம் நன்றாக நடக்கும் என்கிறார்களே?

பதில்: மோசமான உடை ஒத்திகைக்குப் பின் தூங்கப் போக வேண்டியவர்களின் ஆறுதலுக்காக யாரோ சொல்லி வைத்தது. ஆறுதலாகச் சொல்லலாம், திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. நாடகம் தயாராகவில்லை, ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருக்கிறார். செயலாளரான நான் என்ன செய்வது?

பதில்: இது பழைய சண்டை. மேலே சொன்ன ‘கடற்பறவை’யின் மாஸ்கோ அரங்கேற்றத்திலேயே, ஒத்திகை போதவில்லை என்று ஸ்தானிஸ்லாவ்ஸ்கி ஒரு வாரம் தள்ளிவைக்கச் சொன்னார். நெமிரோவிச்-தான்சென்கோ மறுத்தபோது சுவரொட்டியிலிருந்து தம் பெயரை நீக்கிவிடப் போவதாக மிரட்டவும் செய்தார். நாடகம் குறித்த நாளில் நடந்தது, வென்றது. ஆனால் இதை வைத்து உங்கள் இயக்குநரை மடக்க வேண்டாம். தயாராகவில்லை என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பட்டியலிட வையுங்கள்.

ஒரு நடிகர் நோயுற்றிருக்கிறார், படிக்கட்டு ஆடுகிறது, இரண்டாம் பாதியின் வசனம் மூன்று பேருக்குத் தெரியவில்லை என்பவை உண்மையான காரணங்கள். இவற்றில் பாதுகாப்பு தொடர்பானது ஒன்று இருந்தாலே தள்ளிவைக்கலாம். வசனம்தான் சிக்கலென்றால், ஒன்பது நாட்களில் கூடுதலாக மூன்று மாலைகளைத் தேடிக் கொடுப்பது, ஏழு நாட்கள் தள்ளுவதைவிடப் பெரும்பாலும் எளிது. ‘இன்னும் ஆழம் வரவில்லை’ என்பது மட்டுமே காரணமென்றால் தள்ளிவைக்காதீர்கள்; அந்த ஆழம் மூன்றாம், நான்காம் முறை மேடையேறும்போது பார்வையாளர் முன்னால்தான் வரும், அதற்காகவாவது ஒரே காட்சியோடு நிறுத்தாமல் குறைந்தது நான்கு காட்சிகளுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

தள்ளிவைப்பது என்றே முடிவானால், அன்றே அறிவியுங்கள். நுழைவுச்சீட்டு வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பையும் புதிய தேதியையும் ஒரே செய்தியில் சொல்லுங்கள். அரங்க நிர்வாகம் புதிய நாளை எழுத்தில் உறுதி செய்வதற்கு முன் எந்தத் தேதியையும் வெளியிட வேண்டாம். அந்த நாளில் குழுவினர் அனைவராலும் வர முடியுமா என்பதையும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கேட்டால் முடியாதவர்களும் தலையாட்டிவிடுவார்கள்.